நீ கடல் மண்ணில் கட்டவில்லை, அண்ணே

என் ஆசை சூசை அண்ணே,

எங்கே இருந்தாலும், கையில் எந்த வேலை இருந்தாலும், அதை அப்படியே போட்டுவிட்டு இதைக் கேள். நேற்று ரிப்போர்ட் வந்துவிட்டது. கொட்டிவாக்கத்தில் நீ எனக்குக் கட்டிக்கொடுத்த பால்கனியைச் சோதித்துப் பார்த்த ரிப்போர்ட். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன். கண் தெரியாமல் இல்லை, சந்தோஷத்தில்.

கொஞ்சம் பொறு. முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு ருசிக்கும்.

நீ போனபிறகு இரண்டு மழைக்காலம் வந்து போய்விட்டது. கடலைப் பார்த்து நின்றால் வலதுகை மூலையில் ஒரு விரிசல் இருந்ததே, அது நீண்டு சுவர் வரைக்கும் வந்தது. போன மழையில் அந்த மூலையின் ஓரத்திலிருந்து இட்லித் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து, கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் விழுந்தது. நல்லவேளை, அங்கே யாரும் இல்லை. மேலே போய்ப் பார்த்தால் கம்பி துருப்பிடித்து உப்பிக் கிடந்தது.

என் மகன் எட்வின் பயந்துபோய் ஒரு கான்ட்ராக்டரைக் கூட்டி வந்தான். அந்த ஆள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறி, காலால் இரண்டு தட்டு தட்டினான்.

"யாருமா இத்த கட்னது?"

"எங்க அண்ணன்."

"ஒங்க அண்ணன் இன்னா, கொத்தனாரா, இல்ல பீச்சுல மணல் வூடு கட்ற ஆளா? சுத்தக் கடல் மண்ணும்மா இது. வாயில வெச்சா கரிக்கும். மொத்தத்தையும் இட்ச்சுடணும்."

"நீ வாயில வெச்சுப் பாத்தியா?"

"நான் எதுக்குமா வெச்சுப் பாக்கணும்?"

"வெச்சுப் பாத்துட்டு அப்பால பேசு. அதுவரைக்கும் எங்க அண்ணன எதுனா சொன்னே, இந்த மூலையிலயே ஒன்ன நிக்க வெச்சுக் கதவ சாத்திடுவேன்."

எட்வின்தான் என்னை இழுத்தான். "யம்மா, கம்னு இரு. மாமா வேணும்னா செஞ்சாரு? மண்ணு லாரிக்காரன் ஏமாத்திருப்பான். செத்தவர இன்னா சொல்லப் போறோம், வுடு. இட்ச்சுட்டுப் புதுசா போட்டுக்கலாம்."

கான்ட்ராக்டர் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. இதுதான் வலித்தது. பெரிய மனசு பண்ணி உன்னை மன்னித்துவிட்டான் என் மகன். நீ செய்யாத தப்புக்கு எதற்கு மன்னிப்பு?

இந்தக் கடல் மண் பேச்சு நீ உயிரோடு இருக்கும்போதே உன் காதிலும் விழுந்துவிட்டதுதானே, அண்ணே. நீ கடைசியாக வந்த அன்றைக்கு, யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு, பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாய். பால்கனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உன் கொத்துக்கரண்டிக் காம்பால் தட்டித் தட்டிக் கேட்டாய். காபி ஆறிப்போனது. "தப்பு என்னுதுதான் போலக் கீது ரீட்டா. எங்க வுட்டேன்னு தெர்ல," என்றாய். நான் கத்தினேன். கத்தத்தான் முடிந்தது, என் கையில் ஆதாரம் எதுவும் இல்லை. வழக்கம்போலக் கருவாட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். நீ அதை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனாய்.

அதற்குப் பிறகு நீ கரண்டியையே தொடவில்லை என்று உன் அடக்கத்தன்று அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலைக்குக் கூப்பிட வந்தவர்களிடம் கண் சரியாகத் தெரியவில்லை என்று பொய் சொன்னாயாமே?

அப்புறம் நான் எப்படி இடிக்க விடுவேன்? இடித்துவிட்டால் அதோடு சாட்சியும் போச்சு. சூசை கடல் மண்ணில் கட்டினான் என்ற பேர் மட்டும் ஊரில் நிற்கும். இடிக்க ஆள் வந்த அன்று பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். எட்வின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறான்.

நான் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவள்தான். பெருக்குகிற நேரத்தில் கரும்பலகையைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றேன். ஆனால் பேப்பரை ஒரு நாளும் விட்டதில்லை. கட்டடத்தை இடிக்காமலே உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிற இன்ஜினீயர்கள் இருக்கிறார்கள் என்று அதில் படித்திருக்கிறேன். விசாரித்து விசாரித்து, அடையாற்றிலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்தேன். பெயர் திலகா. நாற்பத்தைந்து வயது இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அப்போதே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அண்ணே, அந்த வேலையை நீ பார்த்திருக்க வேண்டும். சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு ஒரு சாண் விடாமல் தட்டிக்கொண்டே போனார், நீ தட்டின மாதிரியேதான். இடது பக்கம் முழுக்கக் கணீரென்று கேட்டது. வலதுகை மூலையில் மட்டும் பொத்துப் பொத்தென்றது. அப்புறம் துணி தேய்க்கிற பெட்டி மாதிரி ஒன்றைத் தரையில் ஓட்டினார். அது உள்ளே கம்பி ஓடுகிற இடத்தையும் ஆழத்தையும் காட்டுமாம். ஓட்டினார், நின்றார், திரும்பவும் ஓட்டினார்.

"இதை யாரும்மா கட்டினது?"

அதே கேள்வி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்க அண்ணன். அதுக்கு இன்னா இப்ப?"

"இல்லம்மா, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற பால்கனிக்கு மேல் கம்பிதான் உயிரு. கான்கிரீட் போடும்போது ஆளுங்க மிதிச்சு மிதிச்சு அதைக் கீழ எறக்கிடுவாங்க. விழுற பால்கனி பாதி அதனாலதான் விழுது. இங்க ஒரு கம்பிகூட எறங்கல. அவ்வளவு பொறுமையாவா வேலை செஞ்சாரு?"

பொறுமையாவது. கம்பிமேல் யார் கால் வைத்தாலும் அவர்கள் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்தாயே. பலகை போட்டு, பலகைமேல்தான் நடக்க வேண்டும் என்று எல்லாரையும் விரட்டினாய். அதையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். எட்வின் பின்னால் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் செய்தார். இடது பக்கம் விரல் அளவு உடைத்து, தண்ணீர் மாதிரி ஒரு மருந்தைப் பீய்ச்சினார். கண் இமைப்பதற்குள் அந்த இடம் ரோஜாப்பூ நிறமாகிவிட்டது. நிறம் வந்தால் கான்கிரீட் நல்ல உயிரோடு இருக்கிறதாம். நான் கை தட்டிவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் கான்கிரீட்டைப் பார்த்துக் கை தட்டின பொம்பளை நான் ஒருத்திதான் இருப்பேன்.

கடைசியில் அந்த மூலையிலும் மற்ற இடங்களிலும் சின்னத் துளை போட்டு, மேலே வந்த தூள் ஒரு பொட்டலம், அதற்கு அடியில் வந்தது ஒரு பொட்டலம், இன்னும் அடியில் வந்தது ஒரு பொட்டலம் என்று தனித்தனியாகக் கட்டி, உப்பு எவ்வளவு என்று பார்க்க அனுப்பினார். பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளும் நான் ஜெபம் பண்ணினதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

நேற்று அவரே ரிப்போர்ட்டோடு வந்தார். என்னையும் எட்வினையும் உட்கார வைத்துச் சொன்னார்: "கடல் மண்ணைப் போட்டுக் கட்டியிருந்தா உப்பு மேலயிருந்து அடி வரைக்கும் ஒரே மாதிரி இருக்கணும். இங்க அடியில உப்பே இல்லைன்னு சொல்லலாம். சுத்தமான ஆத்து மண்ணு. உப்பு மேலயிருந்துதான் எறங்கிக் கம்பியை அரிச்சிருக்கு."

அண்ணே, கேட்டாயா? ஆற்று மண். சுத்தமான ஆற்று மண். எழுத்தில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு இருக்கிறது. நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். எட்வின் தலையைக் குனிந்துகொண்டான்.

"கடல் காத்துல வர்ற உப்பா மேடம்?" என்று கேட்டான்.

"அது எல்லா இடத்துலயும் கொஞ்சம் இருக்கு. ஆனா அந்த வலதுபக்க மூலையில மட்டும் பல மடங்கு. காத்து ஒரு மூலையில மட்டும் அடிக்காதே." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அந்த மூலையில என்னம்மா வெச்சிருந்தீங்க?"

நான் பால்கனிப் பக்கம் திரும்பினேன்.

அந்த மூலையில்தான் வெயில் நன்றாக விழும். முப்பது வருஷமாக மீனைக் கீறி, உப்பில் ஊறப்போட்டு, வலையை மேலே போட்டு அங்கேதான் காயவைத்தேன். உப்புத் தண்ணீர் ஒழுகி ஒழுகி அங்கேயே நிற்கும். தொட்டி கழுவின தண்ணீரையும் அந்த மூலையிலேயே கொட்டுவேன். தண்ணீர் போகிற ஓட்டை எதிர்மூலையில் இருக்கிறது. அதுவரை யார் தள்ளிக்கொண்டு போவது என்ற சோம்பல்தான்.

மறைத்திருக்கலாம். பூந்தொட்டி வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நான் மறைத்தால், அந்தச் சந்தேகம் திரும்பவும் உன் தலையில்தானே வந்து உட்காரும்?

"கருவாடு," என்றேன்.

"என்னதும்மா?"

"கருவாடு காய வெப்பேன். நாந்தான். எங்க அண்ணன் இல்ல. நல்லா எழுதிக்கோம்மா, நாந்தான்."

எட்வின் என்னைப் பார்த்தான். "யம்மா, ஊரையே சண்டைக்கு இழுத்தியே, கடைசில நீதானா?" என்றவன் சிரிக்க ஆரம்பித்தான். நானும் சிரித்தேன். குற்றவாளி என்று தெரிந்த அன்றைக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவளை நீ பார்த்திருக்க மாட்டாய். ஒன்று சொல்கிறேன், பங்கு உனக்கும் உண்டு. ஒவ்வொரு தடவையும் பொட்டலத்தில் பாதியை நீதானே கொண்டுபோவாய்.

பட்டப்பகலிலேயே அழுகையும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் தப்பை உன் தப்பென்று நினைத்துச் சுமந்துகொண்டு போய்விட்டாயே. அன்றைக்கு ஏன் நீ அந்த அம்மா கேட்ட ஒரு கேள்வியைக் கேட்கவில்லை? தங்கச்சி வீட்டில் குறை சொல்லக் கூடாது என்றா? கேட்டிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேனா, சண்டைக்கு வந்திருப்பேனா? எனக்கே தெரியவில்லை.

இப்போது பால்கனிக்கு அடியில் இரும்பு முட்டு கொடுத்திருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது, இந்தத் தடவை நானே சாவியை எட்வினிடம் கொடுத்தேன். வேலை முடிகிறவரை யாரும் கால் வைக்கக் கூடாது. கெட்டுப்போன அந்த மூலையை மட்டும் வெட்டியெடுத்து, புதுக் கம்பி சேர்த்துக் கட்டப்போகிறார்கள். நீ போட்ட மீதிக்கு ஒன்றும் இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும் என்று எழுதியிருக்கிறது. கருவாட்டை இனி மீன் விற்கிற அம்மாவிடம் வாங்கிக்கொள்கிறேன். அதில் உப்புப் பத்தாது. இருந்தாலும் பரவாயில்லை.

கல்லறைத் திருநாள் வருகிறது. எப்போதும் போலப் பூவும் மெழுகுவத்தியும் வைத்துவிட்டுச் சும்மா திரும்பி வர மாட்டேன். அண்ணியையும் எட்வினையும் உன் முன்னால் நிறுத்தி, ரிப்போர்ட்டின் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பேன். சுற்றிப் படுத்திருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படிப்பேன். ஆற்று மண் என்கிற இடம் வந்ததும் எட்வின் உன்னிடம் மன்னிப்புக் கேட்பான். கேட்கிறேன் என்று அவனே சொல்லிவிட்டான். அவனுக்கு அடுத்து நான் கேட்பேன். இத்தனை வயதில் நான் யாரிடமும் கேட்டதில்லை, உனக்குத் தெரியும். உன்னிடம் கேட்பேன், அண்ணே. இது சத்தியம்.

உன் கூடப் பிறந்த சண்டைக்காரி,
ரீட்டா