லாலான் காட்டு முனியாண்டிக் கல்

10-10-1958, வெள்ளி இரவு

இது இப்படித்தான் ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும். அலோர் காஜா லாலான் புல் காட்டில் நிற்பது சாதாரணக் கல் இல்லை என்று முதலில் சொன்னவனே நான்தான். இரண்டு ஆள் உயரம். சரி, என் தோள் உயரம் இருக்கும். முனியாண்டி என் கனவில் வந்து, அந்தக் கல்லில்தான் குடியிருப்பதாகச் சொன்னார் என்று ஒருநாள் பஸ்ஸில் சொன்னேன். அன்றிலிருந்து தங்கை பொன்னம்மா வெள்ளிதோறும் காஜா பெராங்கிலிருந்து பஸ் ஏறிப் போய், கல்லுக்கு மஞ்சள் பூசி, சுருட்டு வைத்துப் பிள்ளை வரம் கேட்டாள். எட்டு வருஷம் இல்லாதது, இப்போது ஏழு மாதம்.

இன்று நானும் கூடப் போனேன். கல்லை அளக்க வந்திருந்த ஆபீசர் என்னிடம் மட்டும் கை குலுக்கிவிட்டு, இது ஆதிகாலத்து மனிதர்களின் கல்லறை என்று மலாய் மொழியில் சொன்னார். பொன்னம்மா தேங்காயைக் கீழே போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் அவள் சோற்றைத் தொடவில்லை.

"பொணத்துகிட்டயாண்ணே நான் பிள்ளை கேட்டேன்?"

"ஆபீசருக்கு என்னா தெரியும்? கல்லறைக்குக் காவலா முனி நிக்க மாட்டாரா?"

"அப்ப அந்தக் கனவு நெஜந்தானே? என் வயித்துல கைய வச்சு சத்தியம் பண்ணு."

வைத்தேன். உள்ளே பிள்ளை உதைத்தது. "சத்தியமா" என்றேன். அதற்குப் பிறகுதான் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

எனக்கு அப்படி ஒரு கனவு வரவே இல்லை. அன்று பஸ்ஸில் எல்லாரும் என் பக்கம் திரும்ப வேண்டும் என்று நானாகச் சொன்னது.