முதல் பக்கத்தில் ஒரு மணவறை

இன்று காலை, மணவறை வாடகைக்கு விடும் எங்கள் வெள்ளவத்தைக் கடையில் சோடனைத் துணியை உதறினேன், மச்சான். அந்துருண்டை வாசம் குப்பென்று அடித்தது. உடனே நீ நினைவில் வந்துவிட்டாய்; வேறு இருக்கை இல்லாத கடையில் மாப்பிள்ளைக் கதிரையில் சம்மணமிட்டு, மடிக்கணினியைத் தட்டும் அதே கோலத்தில். கலியாணமாகாத நீ அதில் இருந்த மிடுக்கு ஒரு மாப்பிள்ளைக்கும் வாய்த்ததில்லை.

அப்போது சண்டைக் காலம். யாழ்ப்பாணப் பாதை பூட்டு. வெளிநாட்டு மாப்பிள்ளைகளும் ஊர்ப் பெண்களும் கொழும்பில்தான் கைப்பிடிக்க வேண்டும். ஆனால் இணையத்தில் தேடினால் போட்டிக்கடைதான் வந்தது. எங்கள் தளம் கடைசிப் பக்கத்திலும் இல்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கு ஓடர் வராவிட்டால் கடையைப் பூட்டுவதென்று என் மனைவி தீர்ப்புச் சொல்லியாயிற்று.

நீயோ தினமும் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தாய். சோதனைச் சாவடியில் மறித்தால் "கலியாண வேலை" என்பாய். ஒருநாள் ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டானாம், "இன்னும் முடியேல்லையா அந்தக் கலியாணம்?"

முடியவில்லைதான். மாதக்கணக்காகத் தளத்தில் எழுதி ஏற்றியும் பலனில்லை. "விடு மச்சான், பலகாரக்கடை போடுவம்" என்றேன். நீ எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரியை வெட்டித் தேடல் பெட்டிக்குள் ஒட்டினாய். அழகான தமிழ் வரி, ஆங்கில எழுத்துக் குப்பையாக விழுந்தது. அந்தக் காலத்தில் எல்லாரையும் போல நாங்களும், ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் போடும் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தோம். எங்கள் கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு அலங்கோலம். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

"தேடுபொறிக்கும் தமிழாத் தெரியிற யுனிகோட்டில முழுக்கத் திருப்பி அடிப்பம்" என்றாய்.

"முழுக்கவோ?"

"ஓம். முகப்பில கிடக்கிற உன்ர வரவேற்புக் கவிதையை மட்டும் விட்டிடுவம். அதை ஒருத்தரும் தேடமாட்டினம்."

அடித்தோம். எந்த மண்டபம் நல்லது, லொட்ஜில் தங்கப் பொலிஸ் பதிவு வேண்டுமா என்று ஆட்கள் தொலைபேசியில் கேட்டதையெல்லாம் ஒவ்வொரு பக்கமாக்கினாய். "ஒருத்தர் வாய்விட்டுக் கேட்டால், கேளாமல் தேடுறவை எத்தனை பேர் மச்சான்!"

ஆடி முடியமுன் ரொறன்ரோவிலிருந்து அழைப்பு. "தம்பி, கொழும்பில கலியாணம் எண்டு தேடினனாங்கள். முதலாவதா நீங்கள்தான் நிக்கிறியள்." நீ என் கையிலிருந்து றிசீவரைப் பறித்து, "எப்பவும் அப்பிடித்தான் அக்கா" என்றாயே, புளுகா! அந்த ஆவணியில் எங்கள் மணவறை கடைக்குத் திரும்ப நேரமில்லாமல் மண்டபம் மண்டபமாக அலைந்தது. போட்டிக்கடைக்காரரே வேவு பார்க்க வந்தார். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து, "முருகன் செயல்" என்று அனுப்பிவைத்தோம்.

நீ கண்மூடிய பிறகும் கடை திறந்தேயிருக்கிறது. இன்று துணியை மடிக்கும்போது நோர்வேயிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்து, சக்கர நாற்காலியில் இருக்கும் தன் அப்பாவை மணவறையில் ஏற்றலாமா என்று கேட்டாள். ஏற்றலாம், சரிவுப் பலகை வைத்துத் தருவோம் என்றேன். போனை வைத்த கையோடு அந்தப் பதிலையும் ஒரு பக்கமாக எழுதி ஏற்றினேன்.