விழித்துளையா, பாவையா

மார்ச் 3, செவ்வாய்

மருத்துவ அகராதிக் குழு 'பி' வரிசையின் கடைசிப் பக்கங்களுக்கு வந்துவிட்டது. ஏழு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடுகிறார்கள். அவர்கள் முடிவு செய்வதைத் தட்டச்சு செய்வது நான். இன்று 'பியூப்பில்', கண்ணின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டம்.

"ஓட்டைதானே அது? விழித்துளைன்னு போட்டுக்குங்கம்மா," என்றார் தலைவர்.

போட்டேன். விரல் போட்டது, மனசு போடவில்லை. கண் பாப்பா என்றுதானே சொல்லி வளர்ந்தோம்! வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். எனக்கு முன் இருந்த தட்டச்சர் ஒரு முறை குறுக்கே பேசினார். அதன்பின் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. என்னுடையது இம்மாதக் கடைசியில் முடிகிறது.

மார்ச் 4

மதியம் அலமாரியில் இருந்த லத்தீன் அகராதியை எடுத்தேன். சாப்பாடு ஆறிப்போனது.

பூபில்லா! பூபா என்றால் சிறுமி, பொம்மை. அதன் செல்ல வடிவம் பூபில்லா. எதிரே நிற்பவர் கண்ணுக்குள் நம் உருவம் குட்டிப் பொம்மையாய்த் தெரிகிறதே, அதனால் அந்த வட்டத்துக்கும் அதே பெயர். நம் பாவையும் அதுதானே! பொம்மையும் பாவை, பெண்ணும் பாவை, கண்மணியும் பாவை. லத்தீன்காரன் நம்மைக் கேட்டா வைத்தான்? நாம் அவனைக் கேட்டா வைத்தோம்?

இதை யாரிடம் சொல்வது?

மார்ச் 5

இன்னும் இருக்கிறது! தகப்பனை இழந்து, காப்பாளர் பொறுப்பில் வளரும் சிறுமியும் பூபில்லாதான். ஆங்கிலத்தில் பள்ளிப் பிள்ளைக்குப் பியூப்பில் என்ற பெயர் அந்த வழியில் வந்ததாம். கூட்டுப்புழுவுக்கும் பூபா. கிரேக்கத்தில் கோரே: பெண், கண்மணி, இரண்டும். ஸ்பானியத்தில் 'கண்ணின் சிறுமி'. எத்தனை வீட்டில் போய்க் குடியிருக்கிறாள் இவள்!

மார்ச் 6

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறார். அவர் பணிமனையில் ஒரு மெக்கானிக்குக்கு அரபி தெரியும். கேட்டுவரச் சொல்லி அனுப்பினேன்.

"அவங்க பாஷைல கண்ணுக்குள்ள இருக்கறது மனுஷனாம். பொண்ணு இல்ல. எதுக்குடா கேக்கறேன்னு என்னை ஒரு மாதிரி பாத்தான்."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு அவர், "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அங்க சொல்லு," என்றார்.

"வேலை போயிட்டா?"



மார்ச் 8

பயமாத்தான் இருக்கு.

மார்ச் 10, செவ்வாய்

பேசிட்டேன்! பேசியே விட்டேன்!

போன வார முடிவுகளை வாசிக்கச் சொன்னார்கள். 'விழித்துளை' வந்ததும் நின்றேன். "ஐயா, ஒரு நிமிஷம்..." லத்தீன், கிரேக்கம், மெக்கானிக்கின் அரபி, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன்.

தலைவர் முகம் இறுகியது. "உங்க வேலை தட்டச்சு செய்யறதும்மா."

குழுவில் அதிகம் பேசாத கண் டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "துளையைப் பெரிசாக்க மருந்து விடறேன்னு போன மாசம் ஒருத்தர்கிட்ட சொன்னேன். எழுந்து போனவர் இன்னும் வரல. இவங்க சொல்றத கேளுங்க சார்."

கை தூக்கச் சொன்னார்கள். பாவைக்கு நான்கு, துளைக்கு மூன்று. தலைவரின் கை துளைக்கு. பழையதை அழித்துவிட்டு 'பாவை' என்று என் விரலாலேயே அடித்தேன். வீடு வரை கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 31

ஒப்பந்தக் கடிதம் வரவில்லை. தலைவர் தொலைபேசியில், "அடுத்த செவ்வாய் வந்துடுங்கம்மா," என்றார். அவ்வளவுதான். எதற்கென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆனாலும் பேசியதற்கு வருத்தமா? இல்லை. ஒரு துளிகூட இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

சீக்கிரமே போய்க் கணினியைத் திறந்தேன். கையில் கடிதத்துடன் ஒரு இளம்பெண் வந்து நின்றாள். "மன்னிச்சுக்குங்க மேடம், தட்டச்சு வேலைக்கு என்னை எடுத்திருக்காங்க. இந்த இடம்தான்னு சொன்னாங்க."

எழுந்தேன். பையைத் தேடினேன். அதற்குள் தலைவர், கையிலிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, தன் பக்கத்தில் போட்டிருந்த எட்டாவது நாற்காலியை இழுத்துவிட்டார்.

"உக்காருங்கம்மா. 'ஆர்' வரிசை ஆரம்பிக்கலாம்."

முதல் சொல் ரேபிஸ். அதுவும் லத்தீன்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.