புள்ளியும் கோடும்

நாட்டிங்ஹாம்
ஞாயிறு, 3 மார்ச் 1968

அன்புள்ள வில்ஃப்,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் நெஞ்சில் குடியிருக்கிறது. உன் கை எப்படி இருக்கிறது? போன கடிதமும் உன் அக்கா ஏடாவின் கையெழுத்தில்தான் வந்தது. நீ சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள் என்று நினைத்து, உன் குரலிலேயே படித்துக்கொள்கிறேன். கையுறை பின்னி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கடற்காற்று உனக்கு நல்லது என்று டாக்டர் சொல்லலாம். விரல்களுக்கு மார்ச் மாதத்து மேபிள்தார்ப் கடற்கரை நல்லது என்று எனக்குத் தோன்றவில்லை.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. தபால்காரர் பெர்சி தன் சைக்கிள் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள கியர் ஹப்பைத் தானே பிரித்து மாட்டிவிட்டு, சக்கரம் ஒரு பக்கம் உரசுகிறது என்று தூக்கிக்கொண்டு வந்தார். வலப்பக்க வளையத்தைக் கழற்றுமுன் குறி வைத்தீர்களா என்று கேட்டேன். "குறியா? எதுக்கும்மா? திருகிக் கழட்டினேன், திருகி மாட்டினேன், அவ்ளோதான்" என்றார். அந்த வளையத்துத் திருகு மரைக்கு இரண்டு தொடக்கம் உண்டு, எதில் வைத்தாலும் ஏறிவிடும், ஆனால் பழைய இடத்திலேயே ஏற்றாவிட்டால் சக்கரம் ஒதுங்கிப்போகும் என்று அவருக்கு யார் சொல்வது? நீ சொல்வாயே, "தப்பு வாசல்ல நுழைஞ்சாலும் உள்ள போயிரலாம் கண்ணு, கோணல் அப்புறமாத்தான் தெரியும்" என்று, அதைச் சொன்னேன். பெர்சிக்குக் காது சிவந்துவிட்டது. அவர் வேறொருத்தி வீட்டு வாசலில் நுழைகிறார் என்று தெருவில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறதல்லவா.

வளையத்தைச் சரியாக ஏற்றி, பக்கத்தில் கோடு கீறிக் கொடுத்தேன். புள்ளி வைக்கவில்லை. நாம் திறந்த எந்த ஹப்பிலும் திறக்கும்போது இடம் குறித்துப் புள்ளி தட்டுவது நீ, மூடும்போது சரிபார்த்துக் கோடு கீறுவது நான். மோதிரம் வாங்க வக்கில்லாமல் கல்யாணம் செய்துகொண்ட அந்த வருஷம், அந்த இரும்பு வளையத்தைத் தூக்கிக் காட்டி, "இதான் நம்ம மோதிரம், முரியல்" என்றாய். நீ போன பிறகு நான் யாருக்கும் புள்ளி வைத்துக் கொடுப்பதில்லை. அது உன் வேலை. வந்து வை.

மயிரிழை ஸ்பிரிங்குகளை மாட்டும்போதெல்லாம் அந்த நாள்தான் ஞாபகத்துக்கு வருகிறது. உன் விரல் நடுங்கி ஸ்பிரிங் தெறித்துப் போனதும், பட்டறை மேசை மேல் தலையை வைத்து, "போச்சுடி, என் கை போச்சு" என்று அழுதாயே. கொஞ்ச நாள் அக்கா வீட்டில் போய் ஓய்வெடு என்று நான்தான் பெட்டி கட்டிக் கொடுத்தேன். போ என்று சொன்ன வாய்க்கு வா என்று சொல்லவும் உரிமை உண்டு.

கடையை விற்கச் சொல்லி எழுதியிருந்தாய். கடையை வாங்கப்போகும் ஸ்டோரர் சனிக்கிழமை பத்திரத்தோடு வருகிறார். நீ இல்லாத கடையைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்ய, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஆனால் விற்றபின் என்னை என் தம்பி வீட்டில் இருக்கச் சொல்கிறாயே, கடல் ஈரம் என் நெஞ்சுக்கு ஆகாது என்று, அது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. என் நெஞ்சு, என் பாடு. உனக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிடவாவது நான் பக்கத்தில் வேண்டாமா?

உன் கைநடுக்கம் சீக்கிரம் அடங்க வேண்டும் என்று தினமும் மன்றாடும்,
உன் முரியல்


நாட்டிங்ஹாம்
சனி, 9 மார்ச் 1968

திரு. வில்ஃப்ரெட் ஹாலம் அவர்களுக்கு,

ஸ்டோரர் வந்தார், போனார். நான் கையெழுத்துப் போடவில்லை. "என்னம்மா, வெல பத்தலையா?" என்று கேட்டார். "வெல இல்லைங்க, வித்துட்டுப் போறதுக்கு எடம் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன். பாவம், ஊற்றிவைத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காரணத்தைச் சொல்கிறேன், நிதானமாகவே சொல்கிறேன். வியாழக்கிழமை பிரசவம் பார்க்கும் நர்ஸ் ஒருத்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பெயர் விண்டர்டன். இந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். பால் வண்டி இடித்துப் பின்சக்கர ஆக்ஸில் வளைந்திருந்தது. ஹப்போ கிழட்டு ஹப், யுத்தம் முடிந்த காலத்தது. ஆக்ஸிலை மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் பிரித்தாக வேண்டும். வளையத்தில் படிந்திருந்த அழுக்கைத் துடைத்தேன். ஸ்போக் துளைக்குப் பக்கத்தில் உன் புள்ளி இருந்தது.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல. எப்போதோ நாம் சேர்ந்து பார்த்த ஹப், ஊரெல்லாம் சுற்றி வீடு வந்திருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் கோடும் இருந்தது. ஆனால் என் கோட்டுக்கு ஒரு வால் உண்டு. கையை எடுக்கும்போது இழுத்துவிடுவேன், நீகூடக் கேலி செய்வாய். இந்தக் கோடு வால் இல்லாமல் மொட்டையாக நின்றது. இரண்டு குறிகளுமே புதுக்காசு மாதிரி மின்னின.

உள்ளே திறந்தேன். பல்லைக் கவ்வும் அந்தச் சின்ன நாக்குகளுக்கு அடியில் மயிரிழை ஸ்பிரிங்குகள் ஒன்றுகூடப் பிசகாமல் உட்கார்ந்திருந்தன. ஊசியின் பின்முனையை நகத்துக்கடியில் வைத்து நீ செருகுவாயே, அதே கை. நடுங்குகிற கைக்கு அது கனவிலும் வராது.

இதைக் கடைசியாக யார் பார்த்தது என்று நர்ஸிடம் கேட்டேன். பாவம், ஒளிக்கத் தெரியாத பெண். "மேபிள்தார்ப்லங்க, கடலோரமா புதுசா ஒரு கடை. அவரு கை இருக்கே, எங்க ஆஸ்பத்திரி பெரிய டாக்டருக்குக்கூட அப்படி நிக்காது! அவரு புள்ளி வெச்சாரு, வீட்டம்மா பக்கத்துலயே ஒரு கோடு போட்டாங்க. இதான் எங்க மோதிரம்னு சொல்லிச் சிரிச்சுக்கிறாங்க. பாக்கவே ஆசையா இருந்துச்சு" என்றாள். என் முகம் எப்படிப் போனதோ, "ஐயோ, உக்காருங்க முதல்ல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு என் நாடியைப் பிடித்தாள். நாடி நன்றாகத்தான் ஓடுகிறதாம்.

உனக்காக நானே வாதாடிப் பார்த்தேன், வில்ஃப். ஒருவேளை கை குணமாகியிருக்கும் என்று. குணமான கை முதலில் யாருக்கு எழுதும்? அக்கா கையெழுத்தில் எதற்கு ஒளிந்துகொள்ள வேண்டும்? ஏடா என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவள், அவளையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாய். இன்னொருத்தி மேல் மனசு போய்விட்டது என்று நேரே சொல்லியிருந்தால் பாத்திரங்களை உடைத்திருப்பேன், தெரு கேட்க அழுதிருப்பேன், பிறகு எழுந்து கடையைத் திறந்திருப்பேன். நீ நோயாளியாக நடித்தாய். அன்று உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேனே, அப்போது உள்ளுக்குள் சிரித்தாயா? நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்வார்கள். எனக்குத் தைலம் தேய்த்துவிட்டு அறுத்திருக்கிறாய்.

இந்தக் கடையை விற்று அந்தக் கடையை நிமிர்த்தப் பார்த்ததைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன். ஆனால் மோதிரம் என்ற அந்த வார்த்தை! அவளுக்குக் கொடுக்க உனக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா? உலகத்தில் எத்தனையோ குறி இருக்கிறது, ஒரு பெருக்கல் குறி போட்டுத் தொலைத்திருக்கலாமே.

ஆக்ஸிலை மாற்றி ஹப்பை மூடும்போது எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்ததையும் சொல்லிவிடுகிறேன். வளையத்தைத் தப்பான தொடக்கத்தில் ஏற்றிவிட்டால் சக்கரம் கோணும், நர்ஸ் அதைத் தூக்கிக்கொண்டு உன்னிடமே வந்து சண்டை போடுவாள். செய்யவில்லை. அவள் அந்த வண்டியில்தான் பிரசவத்துக்கு ஓடுகிறாள். வாசல் தப்பினவன் நீதான், சக்கரம் என்ன பாவம் செய்தது? உன் புள்ளியைப் பார்த்தே சரியான இடத்தில் ஏற்றினேன்.

ஏற்றிய பிறகு அரத்தை எடுத்து உங்கள் இரண்டு குறிகளையும் தேய்த்துவிட்டேன். அதே இடத்தில் ஆணியை வைத்துப் புள்ளி தட்டினேன். பக்கத்தில் வாலோடு ஒரு கோடு கீறினேன். புள்ளியும் நானே, கோடும் நானே. முதல் தடவை என்பதால் புள்ளி கொஞ்சம் ஆழமாக விழுந்துவிட்டது. பழகிவிடும்.

நோயாளிகளுக்கான ஜெபத்தில் நாளை உன் பெயரை வாசிக்க மாட்டார்கள். உனக்குக் குணமாகிவிட்டது என்று போதகரிடம் சொன்னேன். மனுஷர் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சந்தோஷப்பட்டார். கையுறையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நடுங்குகிற விரலுக்கென்று தளர்த்திப் பின்னியது, உனக்குப் பொருந்தாது.

சொல்ல ஏதாவது மிச்சம் இருந்தால் எழுது. ஆனால் உன் கையாலேயே எழுது. ஒரே ஒரு வரியானாலும் போதும், அந்தக் கையெழுத்தை நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிறது.

இத்தனை நாள் முழங்காலில் நின்று வேண்டியதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. அதனால் அப்படியே இருக்கட்டும். உன் கைகள் ஆயுசுக்கும் நடுங்காமல் இருக்கட்டும்.

முரியல்