பதினோரு மேலது

4 மார்ச் 2024
தங்கச்சி மகள் பிரான்சியின் ஆய்வேட்டை அடித்து முடித்தாயிற்று. காந்தி மார்க்கெட் சுமைதூக்கிகளைப் பற்றி. நான் பத்தாவதோடு நின்றவன். ஆனால் இந்தத் திருச்சியில் நாற்பது டாக்டர்களை என் கடை கம்ப்யூட்டரில்தான் உருவாக்கியிருக்கிறேன். நாற்பதென்ன, அறுபது இருக்கும்.

6 மார்ச்
திருத்தம் பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போனாள். நகராட்சியின் பழைய அறிக்கையை அடிக்குறிப்பில் ஒருமுறை முழுசாகப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே பதினோரு இடத்தில் வெறும் "மேலது, ப. 12", "மேலது, ப. 19". மேலே சொன்ன அதே நூல் என்று அர்த்தமாம். சோம்பேறித்தனம்.
இத்தனை பக்கத்தில் எங்கப்பா இல்லை. அதே மார்க்கெட்டில் முசிறி வாழைத்தார் நூற்றை ஒற்றை ஆளாக இறக்கியவர். இவளுக்குத் தாத்தா. ஒரு வரி சேர்த்தேன். ஆதாரம் வேண்டுமே? அறிக்கைக்கு அடுத்த குறிப்பாக, என் பெயரிலேயே, "தைரியராஜ், நேர்காணல்" என்று போட்டேன். பைண்டிங் ஆகி வந்ததும் பார்த்துச் சந்தோஷப்படட்டும்.

19 செப்டம்பர்
ஆய்வேடு திரும்பிவிட்டது. வெளியூர்த் தேர்வாளர் கேட்டிருக்கிறாராம்: 1930இல் வசூலான வரி, கூலி எல்லாம் தைரியராஜ் என்பவர் சொன்னதாக இருக்கிறது, இவருக்கு என்ன வயது?
நடுவில் என் பெயர் வந்ததால், கீழே இருந்த பதினோரு மேலதும் அறிக்கையை விட்டு என்மேல் ஏறிவிட்டன. ஆதாரத்தை நீயே ஜோடிச்சியா என்று பிரான்சியைக் கைடு அம்மா கேட்டார்களாம்.
"மாமா, நீங்க ஏதாவது சேத்தீங்களா?"
கம்ப்யூட்டர் கோளாறும்மா என்றேன். அவள் பார்த்த பார்வை — முப்பது வருஷமா கடை நடத்துறேன், என்னையா?

22 செப்டம்பர்
தங்கச்சி பாக்கியமேரி வந்தாள். "அண்ணே, சேத்தது நாந்தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. எம்புள்ள பொய் சொல்லலன்னு தெரிஞ்சாப் போதும்."
எழுதினா அப்புறம் எவன் கடைக்கு வருவான்? தங்கச்சியாம்.

24 செப்டம்பர்
எழுதினேன். நாலு பக்கம். வைரஸ், மின்வெட்டு, என் அறுபது டாக்டர்கள், ஒன்றும் விடவில்லை. ஸ்ரீரங்கம் போய்க் கைடு அம்மா வீட்டிலேயே கொடுத்தேன். நின்றபடி படித்தார்கள். "இதுல எதுங்க உண்மை?"
படிச்ச திமிர். மோர் கொடுத்தார்கள், தொடவில்லை.
குடித்தேன்.

27 செப்டம்பர்
பிரான்சி போன். "மாமா, உங்க லெட்டரப் பாத்துட்டு, குடும்பமே இப்படித்தானான்னு கேட்டாங்க. திங்கக்கிழமை கமிட்டி. ரெஜிஸ்ட்ரேஷனையே ரத்து பண்ணுவாங்க போல."
இருக்கீங்களான்னு ரெண்டு தடவை கேட்டாள்.

30 செப்டம்பர்
எழுதிக் கொடுத்தேன். ஒரே வரி.

18 பிப்ரவரி 2025
பிரான்சிக்கு வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம் என்பது வழக்கம். எனக்கு யாரும் சொல்லவில்லை; கல்லூரி நோட்டீஸ் போர்டில் பார்த்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.
பார்வைக்குச் சுற்றி வந்த பிரதி வேறு கடை பைண்டிங். அறிக்கையின் பெயரை ஒவ்வொரு குறிப்பிலும் முழுசாகப் போட்டிருக்கிறாள்.
"மேலதுன்னு போட்டாப் போதுமேம்மா" என்றார் தேர்வாளர்.
"இருக்கட்டும் சார்."
பட்டம் உண்டு என்று அறிவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் என் பக்கம் திரும்பி, "பொண்ணு உங்களுக்குச் சொந்தமா?" என்றார்.
"இல்லீங்க. சும்மா கேக்க வந்தேன்."