என் பேச்சைக் கேட்கும் ஒருத்தி

மார்ச் 4
சோபாவுக்கு மெத்தை தைக்கிறவன் வீட்டில் உருப்படியாக ஒரு நாற்காலி கிடையாது. அதனால்தான் அந்தப் பெண் சுவரோரமாகவே நிற்கிறாளோ? வந்து மூன்று நாளாகிறது. பதினாறு வயது. பத்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து பிடித்துப்போய்க் கையில் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார்கள். சண்டை முடிந்து, ஒரு வருடம் விடுதி, இப்போது எங்கள் வீடு. வளர்ப்பதற்கு விண்ணப்பம் போட்டது மனைவி. பின்னாலேயே கையெழுத்துப் போட்டவன் நான்.

தரையில், செருப்போடு தூங்குகிறாள். எந்த நேரமும் ஓடத் தயார்.

மார்ச் 6
கண்டுபிடித்துவிட்டேன்! "சாப்பிடும்மா" என்று மனைவி நாலு தரம் கெஞ்சினாள். அசையவில்லை. நான் கடையில் அதட்டுகிற குரலில் "உட்காரு, சாப்பிடு" என்றேன். "சரி ஐயா" என்று உட்கார்ந்து சாப்பிட்டாள். பதினைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் என் பேச்சை ஒருவர் கேட்பது இதுவே முதல் தடவை. மீசை ஒரு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தது.

மார்ச் 9
"செருப்பைக் கழட்டிட்டுக் கட்டில்ல தூங்கு." அப்படியே செய்தாள். 'சிரி' என்று மட்டும் சொல்லிப் பார்க்கவில்லை.

மார்ச் 15
கடைக்கும் வருகிறாள். அவள் அடித்த ஆணி கோணாது. என் பன்னிரண்டு வயது வாயாடி மகள் சொல்கிறாள்: "அக்கா, அப்பா சொல்றதையெல்லாம் கேக்காதீங்க. கெட்டுப் போயிடுவாரு." வாய் அப்படியே அவள் அம்மா.

மார்ச் 21
எழுதவே கை வரவில்லை.

ஒரு நாற்காலி முதுகுப் பலகை பிளந்து வந்திருந்தது. பசை தடவி அவளைப் பிடிக்கச் சொன்னேன். "நான் வர்ற வரைக்கும் விடாதே." இறுக்குகிற கிளாம்ப் வாங்கத்தான் போனேன். மரக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். டீ, அரசியல், அவருடைய சம்பந்தி சண்டை. சுத்தமாக மறந்துபோனேன். இரண்டு மணி நேரம்.

திரும்பினால் அப்படியே நிற்கிறாள். கை வெடவெடவென்று நடுங்குகிறது. பசை எப்போதோ காய்ந்துவிட்டது.

"ஏம்மா விடல?"

"விடச் சொல்லலையே ஐயா."

அட பாவி! நீயெல்லாம் ஒரு மனுஷனாடா?

மார்ச் 22
விடுதியிலிருந்து அவளை எங்களிடம் அனுப்பிவைத்த ஆலோசகர் அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அதைவிட மோசம், மெதுவாகப் பேசினார். "அங்க மாட்டேன்னு சொன்ன பிள்ளைங்கள இவ கண்ணு முன்னாடியே..." முடிக்கவில்லை. "அவளுக்கு இன்னொரு தளபதி வேண்டாங்க. ஒரு மாசம் பாக்கலாம். சரிப்படலன்னா வேற வீடு."

மனைவியிடம் வந்து சொன்னேன். அவள் பதில்: "அவள அனுப்ப மாட்டேன். வேணும்னா உங்கள அனுப்பறேன்."

மார்ச் 24
மன்னிப்புக் கேட்டேன். "சரி ஐயா." பிறகு பயிற்சி கொடுத்தேன்: "நான் எது சொன்னாலும் மாட்டேன்னு சொல்லணும். தண்ணி கொண்டா."

"மாட்டேன் ஐயா."

பூரித்துப் போனேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்: "அப்பா, அதுவும் நீங்க சொல்லிதானே சொல்றாங்க!"

ஏப்ரல் 2
இப்போதெல்லாம் சொல்வதில்லை, கேட்கிறேன். "இப்ப சாப்பிடறியா, அப்புறமா?" என் வாயையே பார்க்கிறாள். தட்டில் சோறு ஆறுகிறது. நானும் ஆறிக்கொண்டிருக்கிறேன். செருப்பு மறுபடி காலுக்கு வந்துவிட்டது.

ஏப்ரல் 5
"அப்புறமா" என்றாள்!! அப்புறம் தானாகவே வந்து சாப்பிட்டாள்.

ஏப்ரல் 13
விசேஷம் ஒன்றுமில்லை. மாமா என்று கூப்பிட்டாள்.
ஒன்றுமில்லை என்றா எழுதினேன்?

ஏப்ரல் 19
பல் டாக்டர், நோயாளிகள் உட்காருகிற சோபாவைக் கொடுத்திருந்தார். துணி என் இஷ்டம். கிளிப்பச்சையை விரித்து, கத்தரிக்கோலை அவளிடம் நீட்டினேன். பழக்க தோஷம், "வெட்டு" என்று வாயில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

துணியைப் பார்த்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"மாட்டேன் மாமா. அசிங்கமா இருக்கு."

"நல்ல துணிதானேம்மா?"

"பல்வலியோட வர்றவங்க இதப் பாத்தா ஓடிடுவாங்க."

சொல்லிவிட்டு என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "சரி, நீயே ஒண்ணு எடு." நீலத்தை எடுத்தாள். இருபது வருட அனுபவத்துக்கு இப்படி ஒரு அவமானம்! கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டதாகச் சொல்லி வெளியே போனேன்.

ஆலோசகருக்குப் போன் போட்டேன். "எங்க வீட்ல இப்ப என் பேச்சக் கேக்க ஒருத்தர்கூட இல்லம்மா."

சிரித்தார். "அப்ப அவ அங்கயே இருக்கட்டும்."

இதை எழுதும்போது பார்க்கிறேன், வாசலில் நாலு ஜோடி செருப்பு.