டிங்கரும் மரத்துக் குட்டியும்

செப்டம்பர் 3
விடியும் முன் மறுபடி குறட்டைச் சத்தம். கையை நீட்டிப் படுக்கையின் அந்தப் பக்கத்தைத் தடவினேன். வெறும் தலையணை. வீட்டுக்குப் பின்னால் யூகலிப்டஸ் மரத்தில் ஆண் கோவாலா இணை தேடிக் கத்துகிறது, அவ்வளவுதான். மெர்வ் செத்துப் போனது என் காதுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

செப்டம்பர் 9
எழுதக் கை வரவில்லை. காலையில் டிங்கர் பின்படியில் வாலாட்டிக்கொண்டு நின்றான். வேலியோரம் தாய்க் கோவாலா ஒன்று கடிபட்டுச் செத்துக் கிடந்தது. முதுகில் குட்டி — உயிரோடு, அம்மாவின் ரோமத்தை விடாமல். அடிபட்ட விலங்குகளை வீட்டில் வைத்துப் பார்க்கும் கெய்லீன் வந்து, அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.
"ராத்திரி நாயை உள்ள விட்டிருக்கலாமே, நோரீன்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
நாய்க்கு வெளியேதான் இடம் என்பார் மெர்வ். அவர் போன பிறகும் அதை நான் ஏன் மாற்றவில்லை?

செப்டம்பர் 10
டிங்கர் என் மடியில் தலை வைத்தான். தள்ளிவிட்டேன். அப்புறம் அழுதேன். மெர்வ் படுக்கையில் கிடந்தபோது ஜன்னலடியை விட்டு நகராமல் கிடந்தவன் இவன்தானே!

அக்டோபர் 2
இரவில் டிங்கரைச் சலவை அறையில் அடைக்கிறேன். விடிய விடியக் கதவைப் பிறாண்டுகிறான். பகலில் அந்த மரத்தடியில் படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறான். பட்டையில் செத்த தாய்க் கோவாலாவின் நகக்கீறல்கள். சமையலறைத் திரையை இழுத்துவிட்டேன். அப்படியும் தெரிகிற மாதிரியே இருக்கிறது.

நவம்பர் 20
கெய்லீன் வீட்டுக்குக் குட்டி தின்ன யூகலிப்டஸ் இளந்தழை வெட்டிக் கொண்டுபோனேன். குட்டி தேறிவிட்டது.
"வளந்ததும் எடுத்த இடத்துப் பக்கத்துலதான் விடணும், அதான் முறை. உங்க மரம்தான் அதுக்கு வீடு" என்றாள்.
"டிங்கர் இருக்கானே?"
"அதான் கேக்கறேன். ராத்திரி அடைச்சா மட்டும் போதாது. மரம் மாற பகல்லயும் இறங்கும்."
தழையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 14
சங்கிலி போட்டுப் பார்த்தாயிற்று. இழுத்து இழுத்துக் கழுத்து புண். இதுவும் பாவம்தான்.

பிப்ரவரி 8
மெர்வின் தம்பி செசிலுக்கு மேற்கே ஆட்டுப் பண்ணை, கண்ணுக்கெட்டியவரை புல்வெளி. டிங்கரை வைத்துக்கொள்வாயா என்று போனில் கேட்டேன்.
"அண்ணன் வளத்த நாயை அனுப்பிட்டு, மரத்துக் குட்டிக்குத் தொட்டில் கட்டப் போறியா?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பிறகு, "சரி நோரீன், அடுத்த வாரம் வரேன்" என்றான்.

பிப்ரவரி 16
வண்டியில் ஏறமாட்டேன் என்று ஒரே அடம். மெர்வின் பழைய சட்டையை உள்ளே போட்டதும் ஏறிப் படுத்துக்கொண்டான். சட்டையும் போயிற்று. மெர்வை இரண்டாம் முறை அனுப்பிவைத்த மாதிரி இருக்கிறது. தப்பு செய்துவிட்டேனோ?

மார்ச் 22
இன்று குட்டியை விட்டார்கள். கெய்லீன் கூடையைத் திறந்ததும் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் விறுவிறுவென்று ஏறிவிட்டது. "நல்லா இருடா பயலே" என்றாள் கெய்லீன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.
பொழுது சாயும்போது பின்கதவைத் திறந்து, "டிங்கர், உள்ள வா!" என்று கூப்பிட்டுவிட்டேன். யாரும் வரவில்லை. கிளையில் இரண்டு காதுகள் மட்டும் என் பக்கம் திரும்பின. கதவைச் சாத்த மனம் வரவில்லை.